கால்பந்தாட்டத்தில் பக்கத் தேர்வும் பக்க மாற்றமும்

முன்னுரை

நடுவரின் ஊதல் ஒலிப்பதற்கு முன்னரே கால்பந்தாட்டம் ஒருவகையில் தொடங்கிவிடுகின்றது. இரு அணித் தலைவர்களும் திடலின் நடுவட்டத்திற்கு வருகின்றனர், கைகுலுக்கிக் கொள்கின்றனர், நடுவர் நாணயத்தைச் சுண்டிவிடுகின்றார். பூவா தலையா என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும், வென்ற தலைவர் ஒரு பக்கத்தைக் கைநீட்டிச் சுட்டுகின்றார். இவை யாவும் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடுவதால், காண்போருள் பலர் இதனை ஒரு சடங்கு என்றே கருதிவிடுகின்றனர். ஆடுவோருள்ளும் அவ்வாறு கருதுவோர் உளர். அந்த ஒரு நிமிடத்தில் எடுக்கப்படும் முடிவு, அடுத்த ஒன்றரை மணி நேரத்திற்குக் கதிரவன் யார் கண்ணில் படும், காற்று யாருக்குத் துணை நிற்கும், மேடும் பள்ளமும் யாருக்கு இடராகும் என்பனவற்றை வரையறுத்துவிடுகின்றது.

எந்தக் கோலை முதலில் தாக்குவது என்பதை அணிகள் எவ்வாறு முடிவு செய்கின்றன? இடைவேளைக்குப் பின் ஏன் பக்கம் மாறுகின்றன? இம்மாற்றத்தால் இரு அணிகளுக்கும் உண்மையிலேயே சமநீதி கிடைத்துவிடுகின்றதா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். மதுரைக்கு வடமேற்கே திண்டுக்கல் சாலையில் அமைந்துள்ள வாடிப்பட்டிப் பகுதியின் நிலத்தையும் காற்றையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்க முற்படுகின்றோம்.

விதி கூறுவது யாது?

கால்பந்தாட்ட விதிகளுள் முதலாவது, ஆடுதிடலைப் பற்றியது. திடலின் நீளம் 90 மீட்டர் முதல் 120 மீட்டர் வரையிலும், அகலம் 45 மீட்டர் முதல் 90 மீட்டர் வரையிலும் இருக்கலாம் என்று அது கூறுகின்றது. கோல் 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உடையதாக இருத்தல் வேண்டும். கோடு எத்தனை அங்குலத் தடிப்பில் இருக்கலாம் என்பது வரையில் நுணுகிக் கூறும் இவ்விதி, திடல் எந்தத் திசை நோக்கி அமைய வேண்டும் என்பது பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. திசை ஊருக்கு ஊர் மாறுவது. இருக்கின்ற நிலத்தில்தான் திடல் அமைக்க இயலும். எனவே திசையால் வரும் நன்மை தீமைகளைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பை எட்டாம் விதி ஏற்றுக் கொள்கின்றது.

எட்டாம் விதியின்படி, நாணயச் சுண்டலில் வென்ற அணி இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கொள்ளலாம். முற்பாதியில் எந்தக் கோலைத் தாக்குவது என்று முடிவு செய்யலாம்; அல்லது தொடக்க உதையைத் தனக்கு எடுத்துக் கொள்ளலாம். வென்ற அணி பக்கத்தைத் தேர்ந்தால், தொடக்க உதை மற்ற அணிக்கு உரியதாகும். வென்ற அணி தொடக்க உதையைத் தேர்ந்தால், பக்கத்தைத் தேரும் உரிமை மற்ற அணிக்குச் சென்றுவிடும். முற்பாதிக்குப் பக்கத்தைத் தேர்ந்த அணி எதுவோ அதுவே பிற்பாதியின் தொடக்க உதையை எடுக்கும். பிற்பாதியில் இரு அணிகளும் பக்கம் மாறி, எதிர்க் கோல்களைத் தாக்கும்.

இங்கு இளம் அணித் தலைவர்கள் மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பந்து முதலில் நம் காலில் இருக்கட்டும் என்ற ஆசையால் தொடக்க உதையைக் கேட்டுப் பெறுபவர், திசையை எதிரணிக்குத் தாரை வார்த்துவிடுகின்றார். தொடக்க உதையால் வரும் நன்மை சில நொடிகளில் தீர்ந்துவிடக் கூடியது. பந்து கைமாற அதிக நேரம் ஆவதில்லை. திசையால் வரும் நன்மையோ ஒரு பாதி முழுவதும் நீடிப்பது. காற்றும் கதிரும் இடர் செய்யாத இரவு ஆட்டத்தில் தொடக்க உதையைத் தேர்வதில் பிழையில்லை. திறந்தவெளித் திடலில் பிற்பகலில் ஆடும்போது நன்கு எண்ணிய பின்னரே அதனைக் கேட்டல் வேண்டும்.

விதி வளர்ந்த வரலாறு

பக்க மாற்றம் என்பது தொடக்கத்திலிருந்தே இன்றுள்ள வடிவில் இருந்ததன்று. 1863ஆம் ஆண்டு இலண்டனில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தோன்றி, அவ்வாண்டு டிசம்பரில் பதின்மூன்று விதிகளை இயற்றியது. சுண்டலில் வென்ற அணிக்குப் பக்கத்தைத் தேரும் உரிமையும், தோற்ற அணிக்குத் தொடக்க உதையும் அவ்விதிகளில் வழங்கப்பட்டன. ஆனால் பக்க மாற்றத்திற்கு இடைவேளையை அவ்விதிகள் கருதவில்லை. ஒரு கோல் விழுந்தவுடன் இரு அணிகளும் பக்கம் மாற வேண்டும் என்பதே அன்றைய ஏற்பாடு.

மேலோட்டமாக நோக்கின் இது நேர்மையான ஏற்பாடாகவே தோன்றும். காற்றின் துணையால் ஓர் அணி கோல் அடித்துவிட்டால், அடுத்து அக்காற்று மற்ற அணிக்குக் கிடைக்கின்றதன்றோ? ஆழ்ந்து நோக்கினால் இதன் குறை விளங்கும். காற்றை எதிர்த்து நிற்கும் அணி மிக முயன்று கோல் விழாமல் காத்து நின்றால், அதன் பயனாக அவ்வணிக்குக் கிடைப்பது தொடர்ந்து காற்றை எதிர்த்து ஆடும் துன்பமே. கோலே விழாத ஆட்டத்தில் பக்க மாற்றம் என்பதே நிகழாது. ஓர் அணி ஆட்டம் முழுவதும் காற்றோடு போராடிக் கொண்டிருக்க வேண்டியதுதான். நன்கு காத்தவன் தண்டிக்கப்படும் விதி நல்ல விதியாகாது.

எனவே 1870இல், முற்பாதியில் கோல் எதுவும் விழாவிட்டால் இடைவேளையில் பக்கம் மாறலாம் என்று விதி திருத்தப்பட்டது. 1875இல், கோல் விழுந்தாலும் விழாவிட்டாலும் இடைவேளையில் மட்டுமே பக்கம் மாறுதல் வேண்டும் என்று முடிவாயிற்று. பன்னிரண்டு ஆண்டுக் காலத்தில் ஏற்பட்ட இம்மாற்றத்தின் உட்பொருள் சிந்திக்கத்தக்கது. முதலில் கோலை அளவாகக் கொண்டு திசையைப் பகிர்ந்தவர்கள், பின்னர்க் காலத்தை அளவாகக் கொண்டு பகிர்ந்தனர். கோல் என்பது ஆட்டத்தின் விளைவு. காலம் என்பது யாருக்கும் சாயாதது. விளைவைக் கொண்டு பகிர்வதினும் காலத்தைக் கொண்டு பகிர்வதே நேர்மை என்பதை அவர்கள் பட்டறிவால் கண்டுகொண்டனர்.

சுண்டலில் வென்றவர் எதைத் தேரலாம் என்பதிலும் பின்னர் மாற்றங்கள் நிகழ்ந்தன. பக்கம் அல்லது தொடக்க உதை என்னும் இருவழித் தேர்வு நீண்ட காலம் வழக்கில் இருந்தது. 1997ஆம் ஆண்டில் விதிகள் திருத்தி எழுதப்பட்டபோது, வென்றவர் பக்கத்தை மட்டுமே தேரலாம் என்று ஆயிற்று. 2019இல் பழைய இருவழித் தேர்வு மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

பிற ஆட்டங்களில் பக்க மாற்றம்

நம் மண்ணின் ஆட்டமான கபடியிலும் இதே நெறியைக் காண்கின்றோம். சுண்டலில் வென்ற அணி ஆடுகளத்தின் பக்கத்தையோ முதற் பாட்டையோ தேர்ந்து கொள்கின்றது. பிற்பாதியில் பக்கம் மாறுகின்றது. நாணயம் கையில் இல்லாத கிராமத்துச் சிறுவர்கள், ஓட்டாஞ்சில்லு ஒன்றை எடுத்து ஒரு புறத்தில் எச்சில் தடவி, ஈரப்புறமா உலர்ந்த புறமா என்று கேட்டு மேலே எறிந்து முடிவு செய்வர். கருவி வேறாயினும் கருத்து ஒன்றே.

கைப்பந்தாட்டத்தில் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பக்கம் மாறுகின்றனர். வெற்றியை முடிவு செய்யும் இறுதிச் சுற்றில் ஓர் அணி எட்டுப் புள்ளியை எட்டியதும், நடுவிலேயே பக்கம் மாறுகின்றனர். அந்தச் சுற்று பதினைந்து புள்ளிகளில் முடிவது. நடுவே மாறாவிட்டால் ஓர் அணி அச்சுற்று முழுவதும் வெயிலை நோக்கியே ஆட நேரும். டென்னிஸ் ஆட்டத்திலோ ஒற்றைப்படை எண்ணுள்ள ஆட்டங்கள் முடியும்தோறும் பக்கம் மாறுவர். அடிக்கடி மாறினால் பகிர்வு நுணுக்கமாகும். கால்பந்தாட்டம் இவ்வகையில் சற்றுக் கடினமானது. 45 நிமிடத்திற்கு ஒருமுறைதான் மாற்றம் நிகழ்கின்றது. இந்த நீண்ட இடைவெளியே பக்கத் தேர்வை அறிவுக்கு வேலை தரும் ஒன்றாக ஆக்குகின்றது.

வாடிப்பட்டியின் நிலமும் காற்றும்

வாடிப்பட்டி வட்டம் வடக்கே சிறுமலைக்கும் தெற்கே வையை ஆற்றுக்கும் இடைப்பட்டது. அலங்காநல்லூரும் பாலமேடும் சோழவந்தானும் இவ்வட்டத்தைச் சேர்ந்தவை. சல்லிக்கட்டில் வாடிவாசல் ஒன்றே. காளை எப்பொழுதும் ஒரே திசையிலிருந்துதான் பாய்ந்து வரும். கால்பந்துத் திடலுக்கோ இருபுறமும் வாசல்கள். எந்த வாசலைக் காப்பது, எந்த வாசலைத் தாக்குவது என்பதைத் தேர்வதற்கு முன், அணித் தலைவன் காற்று, கதிர், நிலம் ஆகிய மூன்றையும் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது காற்று. வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் திசைக்கொரு பெயரிட்டு அழைத்தவர்கள் தமிழர். பக்கத் தேர்வுக்கு இப்பெயர்களை அறிந்திருத்தலே ஒரு பாடமாகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி, ஆவணித் திங்களில் மதுரைச் சமவெளியில் மேலைக்காற்றே மிகுதி. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி இக்காற்றைக் கருதி எழுந்ததே. தேனி மாவட்டத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இக்காற்றுத்தான். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவம் தொடங்கும்போது காற்றின் திசை மாறிவிடுகின்றது. வாடையும் கொண்டலும் வந்துவிடுகின்றன.

கால்பந்தின் எடை 410 கிராம் முதல் 450 கிராம் வரை. சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர் வரை. ஒரு தலையளவு பருமனும் அரைக்கிலோவுக்கும் குறைந்த எடையும் உடைய பொருளைக் காற்று எளிதில் தள்ளிவிடும். காற்றை எதிர்த்து உயர உதைத்த பந்து, எண்ணிய இடத்தை எட்டாமல் வானிலேயே தயங்கி விழும். காற்றின் போக்கில் உதைத்த பந்தோ எண்ணிய இடத்தையும் தாண்டி எல்லைக்கோட்டைக் கடந்து ஓடிவிடும். காற்றுத் துணை என்பதும் கையாளத் தெரிந்தவர்க்கே துணையாகும்.

இரண்டாவது கதிர். கோல்காப்பாளர் மேற்கு நோக்கி நின்றால் மாலை வெயில் அவர் கண்ணில் நேரே படும். உயர்ந்து வரும் பந்தை நோக்க அவர் தலையை உயர்த்துகின்றார்; அப்பொழுது பந்தும் கதிரவனும் ஒரே நேர்கோட்டில் அமைந்துவிட்டால் பந்து மறைந்துவிடுகின்றது. இதனால் கோல் மட்டும் விழுவதில்லை. முகத்தில் பந்து தாக்கிக் காயமுறுவதும் உண்டு. திடலை ஏறத்தாழ வட-தென் போக்கில் அமைக்க வேண்டும் என்று திடலமைப்போர் அறிவுறுத்துவது இதனாலேயே. அவ்வாறு அமைந்த திடலில் மாலை வெயில் பக்கவாட்டில் விழும். இரு கோல்காப்பாளர்க்கும் பெரிய வேறுபாடு இராது. ஆனால் கிராமங்களில் திடல் என்பது பெரும்பாலும் பள்ளிக் கட்டடத்திற்கும் கண்மாய்க் கரைக்கும் இடையே கிடைத்த நிலம். அது கிழக்கு மேற்காக நீண்டிருந்தால் கம்பமும் அவ்வாறே நடப்பட வேண்டியதாகின்றது.

மூன்றாவது நிலம். சிறுமலை அடிவாரத்திலிருந்து வையையை நோக்கி இப்பகுதியின் தரை தாழ்ந்து செல்கின்றது. சமன் செய்யப்படாத திடலில் ஒரு கோல் மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் அமையக்கூடும். மழைக்காலத்தில் பள்ளத்துக் கோலின் முன் நீர் தேங்கிச் சேறாகும். அச்சேற்றில் பந்து உருளாமல் நின்றுவிடுவதால், தாக்குவோர், காப்போர் ஆகிய இருவர் கணக்கும் தவறிப்போகும். கிழக்கு மேற்கான திடலில் காற்றும் கதிரும் முதன்மையாக எண்ணத்தக்கன. வட-தென் திடலில் நிலச்சரிவும் மார்கழி வாடையும் எண்ணத்தக்கன.

ஆடி மாதத்து ஆட்டம் ஒன்று

இவற்றை ஒரு கணக்காக அமைத்துக் காண்போம். வாடிப்பட்டியில் கிழக்கு மேற்காக அமைந்த ஒரு திடல். ஆடித் திங்களின் இறுதி, ஆகஸ்டு நடுப்பகுதி. ஆட்டம் மாலை 4 மணிக்குத் தொடங்குகின்றது. முற்பாதி 4.45க்கு முடிகின்றது. 15 நிமிட இடைவேளைக்குப் பின் 5 மணிக்குப் பிற்பாதி தொடங்கி 5.45க்கு முடிகின்றது. மேற்கிலிருந்து காற்று வலுவாக வீசுகின்றது. சுண்டலில் நாம் வென்றிருக்கின்றோம். எப்பக்கத்தைக் காப்பது?

மேற்குக் கோலைக் காத்துக் கிழக்குக் கோலைத் தாக்கும் அணிக்குக் காற்று முதுகுப்புறம், கதிரும் முதுகுப்புறம். எனவே முதலில் மேற்கைக் காப்பதே நன்று என்று உடனே தோன்றும். ஆனால் இரண்டு பாதிகளிலும் கதிரவனின் நிலை ஒன்றன்று. நம் கடிகாரம் காட்டும் இந்திய நேரம், கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையைக் கொண்டு கணிக்கப்படுவது. வாடிப்பட்டி ஏறத்தாழ 78 பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில், கதிரவன் நம் கடிகாரத்தைவிட ஏறத்தாழ 18 நிமிடம் பிந்தியே செல்கின்றது. ஆகவே ஆகஸ்டு நடுவில் மாலை 4 மணிக்கு வெயில் இன்னும் உயரத்திலேயே, அடிவானுக்கு மேல் ஏறத்தாழ 37 பாகையில் இருக்கும். 5 மணிக்கு 22 பாகையாகவும், 5.45க்கு 12 பாகைக்கு அருகிலும் அது இறங்கிவிடும். கதிரவன் மறைவது 6.30 மணியளவில்.

உயர்ந்து வரும் பந்தைக் காணக் கண் எவ்வளவு உயருமோ அவ்வளவு உயரத்திற்குக் கதிரவன் பிற்பாதியில் இறங்கி வந்துவிடுகின்றது. முற்பாதியில் தொப்பியின் விளிம்பால் மறைத்துக் கொள்ளக்கூடிய வெயில், பிற்பாதியில் நேரே கண்ணுக்குள் பாய்கின்றது. எனவே வெயிலை மட்டும் கருதினால், முற்பாதியில் கிழக்குக் கோலைக் காத்து உயர்ந்த வெயிலை ஏற்றுக்கொண்டு, தாழ்ந்த வெயிலைப் பிற்பாதியில் எதிரணியின் கோல்காப்பாளருக்கு விட்டுவிடுவதே அறிவுடைமை.

காற்றின் கணக்கோ இதற்கு நேர்மாறானது. மேலைக்காற்று பொதுவாகப் பிற்பகலில் வலுத்துப் பொழுது சாயச் சாயத் தணிவது. 4 மணிக்கு வீசும் காற்று 5.30க்கு அதே வலிவுடன் வீசும் என்பதற்கு உறுதி இல்லை. காற்றை மட்டும் கருதினால், கிடைக்கும்போதே அதனைப் பயன்படுத்திக் கொள்வது நன்று. அதாவது முற்பாதியில் மேற்கைக் காக்க வேண்டும்.

கதிர் ஒன்று சொல்கின்றது. காற்று மற்றொன்று சொல்கின்றது. இரண்டில் எதனை மேற்கொள்வது என்பதைத் தன் அணியின் இயல்பை அறிந்த தலைவனே முடிவு செய்ய இயலும். நெடுந்தொலைவு உதைத்து ஆடும் அணிக்குக் காற்றே பெருந்துணை. அது காற்றை முதலில் கொள்ளலாம். தரையோடு பந்தைத் தட்டிக் கைமாற்றி ஆடும் அணிக்குக் காற்றால் பெரிய இழப்பு இல்லை. அது வெயிலைக் கணக்கிட்டுத் தேரலாம். எதிரணியின் கோல்காப்பாளர் உயரப் பந்துகளைப் பிடிப்பதில் தடுமாறுபவர் என்று அறிந்தால், தாழ்ந்த வெயில் அவர் கண்ணில் படும் பிற்பாதியை நமக்கெனச் சேமித்து வைக்கலாம். தன் வீரர்கள் பிற்பாதியில் களைத்துவிடுவர் என்று அஞ்சும் தலைவன், களைத்த கால்களுக்குக் காற்று முதுகில் இருக்கட்டும் என்று எண்ணி, முதலில் எதிர்க்காற்றை ஏற்பதும் பொருத்தமே. எல்லா அணிக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை என்பதே இக்கணக்கின் விடை.

நேரம் தவறினால்?

மேற்கண்ட கணக்கு முழுவதும் ஆட்டம் 4 மணிக்குத் தொடங்கும் என்ற ஒன்றை நம்பி நிற்கின்றது. ஊர்ப் போட்டிகளின் இயல்பை அறிந்தோர் இதனைக் கேட்டுப் புன்முறுவல் பூப்பர். சிறப்பு விருந்தினர் வர வேண்டும். பொன்னாடை போர்த்த வேண்டும். வாழ்த்துரைகள் நிகழ வேண்டும். 4 மணி ஆட்டம் 4.45க்குத் தொடங்குவது புதுமையன்று. அவ்வாறாயின் பிற்பாதி 5.45க்குத் தொடங்கி 6.30க்கு முடியும். அந்நேரத்தில் கதிரவன் மரங்களின் பின்னே மறைந்து, மங்கல் ஒளியே எஞ்சி நிற்கும்.

இதனால் விளையும் தீங்கு யாதெனின், முற்பாதியில் வெயிலை ஏற்று ஆடிய அணிக்கு அதன் ஈடு திரும்பக் கிடைப்பதில்லை. பிற்பாதியில் எதிரணியின் கோல்காப்பாளர் கண்ணில் படுவதற்கு வெயிலே இல்லை. பக்கம் என்னவோ மாறியது, பகிர்வு நிகழவில்லை. விதியின் எழுத்து காக்கப்பட்டது. அதன் பொருள் காக்கப்படவில்லை.

ஆதலின் அணித் தலைவர் அறிவிப்பில் உள்ள நேரத்தை நம்பாமல், சுண்டல் நிகழும் நேரத்தைக் கொண்டே கணக்கிடுதல் வேண்டும். தாமதமாகத் தொடங்கும் ஆட்டத்தில், வெயில் துணையை முற்பாதியிலேயே பெற்றுக் கொள்வது நன்று. போட்டி நடத்துவோர்க்கும் இதில் பொறுப்பு உண்டு. நேரத்தில் தொடங்குவது இரு அணிகளுக்கும் செய்யப்படும் நீதியின் ஒரு கூறு என்பதை அவர்கள் உணர்தல் வேண்டும். பொழுது போதாது என்று கருதினால் இரு பாதிகளையும் சமமாகக் குறைக்கலாம். அதுவும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே இரு அணிகளுக்கும் அறிவிக்கப்பட வேண்டும். பிற்பாதியை மட்டும் சுருக்குவதும், பக்கம் மாற்றாமலே தொடர்ந்து ஆடவிடுவதும் நேர்மையாகா. வாழ்த்துரைகளை ஆட்டம் முடிந்தபின் பரிசளிப்பின்போது வைத்துக் கொள்ளலாம். அவற்றிற்கு வெயில் தேவையில்லை.

கூடுதல் நேரமும் தங்க கோலும்

ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரம் வழங்கப்பட்டால், மீண்டும் நாணயம் சுண்டப்படுகின்றது. பதினைந்து நிமிடங்கள் கொண்ட இரு பாதிகள் ஆடப்படுகின்றன. நடுவே பக்கம் மாறுகின்றது. முன்னைய சுண்டலின் பயன் முழு ஆட்டத்தோடு தீர்ந்துவிட்டது என்பது இதன் கருத்து.

1993 முதல் 2004 வரை தங்க கோல் என்னும் விதி வழக்கில் இருந்தது. கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்தவுடன் ஆட்டம் முடிந்துவிடும் என்பது அவ்விதி. 1996ஆம் ஆண்டு இலண்டன் வெம்பிளியில் நடைபெற்ற ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில், ஜெர்மனியின் ஆலிவர் பியர்ஹாப் செக் குடியரசுக்கு எதிராக 95ஆம் நிமிடத்தில் அடித்த கோல் அவ்வகையில் ஆட்டத்தை முடித்தது. 2000ஆம் ஆண்டு ராட்டர்டாமில் பிரான்சின் தாவீத் திரெசெகே இத்தாலிக்கு எதிராக 103ஆம் நிமிடத்தில் அடித்த கோலும் அத்தகையதே. இவ்விரண்டும் கூடுதல் நேரத்தின் முற்பாதியில் விழுந்தவை. அதாவது, பக்கம் மாறுவதற்கு முன்பே வெற்றி முடிவாகிவிட்டது. அவ்வெற்றிகளின் சிறப்பை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆயினும் வலிய காற்று வீசும் திறந்தவெளித் திடல் ஒன்றில் இவ்விதியைப் பொருத்திப் பார்த்தால், சுண்டலில் வென்றவர் காற்றைப் பெற்று, அக்காற்று எதிரணிக்குச் செல்லும் முன்பே ஆட்டத்தை முடித்துவிடக்கூடும் என்பது விளங்கும். 1863ஆம் ஆண்டு விதியில் கண்ட குறை, நூற்றாண்டு கடந்து வேறு வடிவில் மீண்டும் தலைகாட்டியது எனலாம்.

பெனால்டி உதைகளில் ஒரே பக்கம்

கூடுதல் நேரத்திலும் முடிவு காணப்படாவிட்டால் பெனால்டி உதைகள் நிகழ்கின்றன. இங்குப் பக்க மாற்றம் என்பதே கிடையாது. இரு அணிகளும் ஒரே கோலை நோக்கி உதைக்கின்றன. இது முரணாகத் தோன்றினும், உண்மையில் அதே நீதியின் மற்றொரு வடிவமே. ஒரே கோலில் இரு கோல்காப்பாளர்களும் மாறி மாறி நிற்பதால், வெயிலும் சேறும் காற்றும் இருவர்க்கும் ஒன்றாகவே அமைகின்றன. மாறி நின்று பகிர்வது ஒரு வழி. ஒன்றையே இருவரும் ஏற்பது மற்றொரு வழி. எந்தக் கோல் என்பதை முன்னர் நடுவரே முடிவு செய்து வந்தார். 2016 முதல், நிலத்தின் தன்மை, பாதுகாப்பு போன்ற காரணங்கள் இருந்தாலன்றி, நாணயத்தைச் சுண்டியே அது முடிவு செய்யப்படுகின்றது. யார் முதலில் உதைப்பது என்பதற்கு மற்றொரு சுண்டல் உண்டு.

இம்முறை 1970இல்தான் விதிகளில் இடம்பெற்றது. அதற்கு முன் வெற்றியையே நாணயம் முடிவு செய்ததும் உண்டு. 1968ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் நேப்பிள்சு நகரில் மோதின. கூடுதல் நேரம் முடிந்தும் கோல் விழவில்லை. நாணயம் சுண்டப்பட்டது, இத்தாலி வென்றது. பின்னர் அக்கோப்பையையும் கைப்பற்றியது. இரண்டு மணி நேர உழைப்பை ஒரு நாணயத்தின் புரளல் தீர்த்துவைத்த அந்நிகழ்ச்சியோடு ஒப்பிட்டால், நாணயத்திற்கு இன்று எவ்வளவு சிறிய பங்கு தரப்பட்டுள்ளது என்பது புலனாகும். நாணயம் இன்று வெற்றியைத் தருவதில்லை. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை மட்டுமே தருகின்றது.

ஆதரவாளர் நிற்கும் பக்கம்

காற்றும் கதிரும் அன்றிப் பக்கத் தேர்வுக்கு மற்றொரு காரணமும் உண்டு. தம் ஆதரவாளர் திரண்டிருக்கும் பக்கத்தைப் பிற்பாதியில் தாக்குவதை அணிகள் விரும்புகின்றன. இங்கிலாந்தின் லிவர்பூல் அணி, தன் ஆன்பீல்டு திடலில் 'காப்' எனப்படும் பார்வையாளர் மேடையை நோக்கிப் பிற்பாதியில் தாக்குவதையே வழக்கமாகக் கொண்டது. சுண்டலில் வெல்லும் எதிரணித் தலைவர்கள், அவ்வழக்கத்தைக் குலைப்பதற்கென்றே பக்கத்தை மாற்றிக் கேட்பதும் உண்டு. 'காப்' என்னும் இப்பெயர், 1900ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் கடும் போர் நிகழ்ந்த ஸ்பியான் காப் குன்றின் பெயரால் 1906இல் அமைந்தது. அப்போரில் காயமுற்றோரைத் தூக்கிச் சென்ற இந்தியத் தொண்டர் படையில் காந்தியடிகளும் பணியாற்றினார் என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி.

ஆதரவாளரின் ஆரவாரம் ஊக்கம் தரும்; அதுவே வெற்றியைத் தந்துவிடுவதில்லை. 2012ஆம் ஆண்டு மியூனிக் நகரில் நடைபெற்ற ஐரோப்பியக் கழகங்களின் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், பெனால்டி உதைகள் பேயர்ன் மியூனிக் அணியின் ஆதரவாளர் திரண்டிருந்த பக்கத்தில் நிகழ்ந்தன. எனினும் வென்றது செல்சி அணியே. பக்கம் வாய்ப்பைத் தரும். பயன்படுத்துவது ஆடுவோர் கையில் உள்ளது.

வள்ளுவர் காட்டும் வரிசை

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் 48, 49, 50 என அடுத்தடுத்து அமைந்துள்ளன. முதலில் தன் வலியையும் மாற்றான் வலியையும் அறிதல். அடுத்துக் காலத்தை அறிதல். அதன்பின் இடத்தை அறிதல். அணித் தலைவன் நாணயம் சுண்டப்படுவதற்கு முன் எண்ண வேண்டிய வரிசையும் இதுவே. தன் அணி எவ்வாறு ஆடும் என்பது வலி. வெயிலும் காற்றும் எப்பொழுது எவ்வாறு இருக்கும் என்பது காலம். எந்தக் கோலைக் காப்பது என்பது இடம். காலமறிதலில் வள்ளுவர் காக்கையையும் கூகையையும் உவமை காட்டுகின்றார். இரவில் வலிமை மிக்க கூகை, பகல் ஒளியில் காக்கைக்குத் தோற்கின்றது. கூகையின் வலி குறையவில்லை. ஒளி அதன் கண்ணுக்குப் பகையாயிற்று. தாழ்ந்த வெயிலை நோக்கி நிற்கும் கோல்காப்பாளரின் நிலையும் அதுவேயன்றோ?

எனவே அணித் தலைவர்கள் சுண்டலுக்குக் கால்மணி நேரம் முன்னதாகத் திடலை ஒருமுறை சுற்றி வருதல் நலம். சிறிது புல்லைக் கிள்ளி மேலே தூவிக் காற்றின் போக்கைக் காணலாம். மூலைக்கொடி பறக்கும் திசையை நோக்கலாம். இரு கோல்களின் முன்னும் நின்று கண்ணில் வெயில் படுகின்றதா எனப் பார்க்கலாம். பள்ளமும் சேறும் எங்குள்ளன என்று காலால் மிதித்தே அறியலாம். கோல்காப்பாளரைக் கலந்து கேட்டல் மிக இன்றியமையாதது. வெயிலைத் தாங்கப் போகின்றவர் அவரே. சுண்டலில் தோற்றாலும் இவ்வறிவு வீணாவதில்லை. எப்பாதி நமக்கு இடர்ப்பாதி என்று முன்பே அறிந்தால், அப்பாதியில் பந்தைத் தாழ்வாக ஆடிக் காத்து நின்று, மற்றப் பாதியில் முயன்று தாக்கலாம்.

முடிவுரை

எந்த ஊர்த் திடலும் இருபுறமும் முற்றிலும் ஒத்ததாக இருப்பதில்லை. கதிரவனை நிறுத்தி வைக்கவும் காற்றைக் கட்டி வைக்கவும் எவராலும் இயலாது. இந்த ஏற்றத்தாழ்வை ஒழிக்க இயலாது என்று அறிந்த முன்னோர், அதனை இருவரும் சமகாலம் சுமக்கும் வழியைக் கண்டனர். நாணயச் சுண்டல் வாய்ப்பைத் தருகின்றது. பக்க மாற்றம் அவ்வாய்ப்பை வரம்பு கடவாமல் காக்கின்றது. ஆயினும் பாதிக்குப் பாதி என்ற கணக்கு, நேரம் தவறாத ஒழுங்கு இருந்தால்தான் முழு நீதியாகும் என்பதை வாடிப்பட்டி மாலை வெயில் நமக்கு உணர்த்துகின்றது. அடுத்த முறை இரு தலைவர்கள் நடுவட்டத்தில் கூடும்போது, அந்த ஒரு நிமிடத்தை நம் மாணவர்கள் கூர்ந்து நோக்குவார்களாக. ஆடுவோர் அதில் அறிவைச் செலுத்துவார்களாக. நடத்துவோர் கடிகாரத்தைப் போற்றுவார்களாக.